ரிஸ்னாவின் டயட் ஷீட்டும் நான் கேட்காத கேள்வியும்

1. மூன்றாவது ரிப்போர்ட்

எனக்கு ஓர் இடத்தில் நிலையாக உட்கார வராது. நியூட்ரிஷனிஸ்ட் வேலைக்கு இது பெரிய குறை. எதிரே இருப்பவர் நேற்றுக் காலையிலிருந்து வாயில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்லும் வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் காலை ஆட்டுவேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டுவேன். அவர் "நேத்து பகலைக்கு..." என்று இழுத்தால், "சோறுதானே?" என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாளிலும் அதை முழுதாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "மிஸ், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா டயட் எழுதுறது எப்படின்னு சொல்லிக் குடுங்க" என்கிறார்கள். எழுதுவது எப்படி என்பதை விட, நான் எழுதிய ஒரு ஷீட் எப்படிப் பிழையாகிப் போனது என்று சொல்வது அவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும்.

அப்போது நான் கண்டியில் ஒரு தனியார் மெடிக்கல் சென்டரில் வேலை பார்த்தேன். என் அறை இரண்டாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்துவது கேட்கும். அன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து மூன்று தரம் லேப்புக்குப் போய் வந்துவிட்டேன். நாலாம் தரம் போனபோது லேப்பில் இருந்த பையன் கடித உறையை நீட்டினான். அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தேன். ரிஸ்னாவின் டி.டி.ஜி. குறையவே இல்லை.

ரிஸ்னா கடுகண்ணாவைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது இருபத்தேழு. அவளுக்கு சீலியாக் என்று ஏழு மாதத்துக்கு முன்னர்தான் கண்டுபிடித்திருந்தார்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற ஒரு பொருள் சிலருடைய குடலின் உள்சுவரைப் புண்ணாக்கிவிடும். அதன் பிறகு என்ன சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. இரத்தம் குறையும், எடை இறங்கும். கர்ப்பம் தங்காமல் போவதும் உண்டு. ரிஸ்னாவுக்கு இரண்டு கர்ப்பம் மூன்றாம் மாதக் கடைசியில் கலைந்திருந்தது. இதற்கு மாத்திரை மருந்து கிடையாது. கோதுமையை அறவே விட வேண்டும், அவ்வளவுதான். விட்டால் குடல் தானாக ஆறும். ஆறுகிறதா என்று காட்டுவதுதான் இந்த டி.டி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனை.

அது இறங்கும் வரை அடுத்த கர்ப்பத்துக்குப் பொறுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மூன்றாவது ரிப்போர்ட் என் கைக்கு வந்த அன்று ரிஸ்னா ஒன்பது வாரக் கர்ப்பிணி. இன்னும் மூன்று வாரத்தில் அந்தப் பழைய எல்லை வந்துவிடும்.

2. நான் எழுதிய ஷீட்

முதல் நாள் அவள் வந்தபோது எடை நாற்பது கிலோவுக்கும் கீழே. கண் இமையின் உள்பக்கம் வெள்ளைத் தாள் போல இருந்தது. நான் டயட் ஹிஸ்டரி எடுத்தேன். காலையில் பேக்கரிப் பாண், அல்லது பிட்டு, அல்லது இடியப்பம். பகல் சோறு. மாலையில் பள்ளிக்கூடத்துக் கன்டீனில் ஒரு ரோல்ஸ். இரவு ரொட்டி. எங்கள் ஊரில் பாதிப் பேருடைய சாப்பாடு இதுதான்.

அந்தக் காலத்தில் சீலியாக்குக்கு எங்களிடம் இருந்தது வெளிநாட்டில் அச்சடித்த ஒரு ஷீட். பாஸ்தா சாப்பிடாதே, பியர் குடிக்காதே என்று அதில் இருக்கும். கடுகண்ணாவை முஸ்லிம் டீச்சரிடம் போய் பியர் குடிக்காதே என்றால் நன்றாகவா இருக்கும்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுதினேன். இரண்டு சனிக்கிழமை மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி, சோயா மீட் பக்கெட்டையும் சோஸ் போத்தலையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்க்கிறார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு முதலாளி, "மிஸ், வாங்கப் போறீங்களா, பரீட்சைக்குப் படிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

பெருமையாகத்தான் இருந்தது. பாண், ரொட்டி, ரோல்ஸ், நூடில்ஸ், ரவை எல்லாவற்றையும் அடித்தேன். சோறு, குரக்கன், மரவள்ளி, பாசிப்பயறு எல்லாம் தாராளமாக. பிட்டும் இடியப்பமும் வந்த இடத்தில் கேட்டேன்.

"பிட்டு என்ன மாவுல?"

"அரிசி மா மிஸ். மாமிதான் அவிக்கிற."

'அரிசி மா, பிரச்சினை இல்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் போட்டேன். அந்த அடையாளம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கணக்கு டீச்சர் அல்லவா, ரிஸ்னா சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருவாள். ரூலர் வைத்துக் கோடு போட்ட கொப்பி. நேரம், உணவு, அளவு. என்னிடம் வந்த ஆட்களில் அப்படி எழுதியவள் அவள் ஒருத்திதான். டயட் தொடங்கி மூன்று மாதத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் டி.டி.ஜி. கொஞ்சம் இறங்கியிருந்தது. எடை இரண்டு கிலோ கூடியது. அதோடு நின்றுவிட்டது.

3. நான் பேசிய பேச்சு

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பெரிய டொக்டரின் அறைக்கு ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார் என்றால் கோபம் என்று அர்த்தம்.

"இது நல்லதுக்கில்லை, சாந்தினி. ஆள் எங்கயோ கோதுமை சாப்பிடுறா. நீர் வடிவாக் கேட்டனீரே?"

"கேட்டேன் டொக்டர். எல்லாம் எழுதி வச்சிருக்காங்க."

"எழுதுறதை எல்லாரும் எழுதுவினம். களவாப் பாண் சாப்பிடுற ஆக்களை நான் கன பேரைக் கண்டிருக்கிறன். கர்ப்பிணிப் பிள்ளை, ஆசை வரும்தானே. ஒருக்கா இறுக்கிக் கேளும்."

இறுக்கிக் கேட்கச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. அன்று பின்நேரம் ரிஸ்னா வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், விரலில் சோக்குத் தூள். வரும் வழியில் பஸ்ஸில் குமட்டிச் சத்தி எடுத்திருக்கிறாள். நான் அவளைத் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை.

"டீச்சர், நான் நேராவே கேக்குறேன். பாண் சாப்பிடுறீங்களா?"

"இல்ல மிஸ்."

"ஸ்கூல்ல? ரோல்ஸ், பற்றிஸ் ஏதாவது?"

"இல்ல மிஸ். நான் எல்லாம் கொப்பில எழுதித்தானே ஈக்கேன்."

"கொப்பி என்ன வேணும்னாலும் சொல்லும். ரத்தம் பொய் சொல்லாது. நீங்க களவா சாப்பிட்டா எனக்கு ஒண்ணும் நட்டமில்ல டீச்சர். வயித்துல இருக்கிறதுக்குத்தான் நட்டம்."

இதைச் சொல்லும்போது நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். கொப்பியை மூடி, பைக்குள் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினாள். "நான் போயிட்டு வாரேன் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். கதிரையை அது இருந்த இடத்திலேயே சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை. போன் எடுத்தால் கணவர் பேசினார். சந்தியில் ரேடியோ, டி.வி. திருத்தும் கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். "அவ படுத்து ஈக்கிறா மிஸ், பொறகு பேசச் சொல்றேன்" என்றார். பிறகு யாரும் பேசவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. வேறொருவருடைய டயபெட்டிக் ஷீட்டில் சீனி சேர்த்து எழுதிவிட்டு, அடித்துத் திருத்தினேன். மனம் முழுக்க வாரக் கணக்கு. பத்து. பத்தரை.

4. கடுகண்ணாவை அடுப்படி

நோயாளியின் வீட்டுக்குப் போவது எங்கள் சென்டரில் வழக்கம் இல்லை. டொக்டரிடம் சொன்னால் வேண்டாம் என்பார். ஆகவே சொல்லவில்லை. பௌர்ணமிப் போயா லீவு நாள் காலையில் குட்ஷெட்டில் பஸ் ஏறினேன். பேராதனை தாண்டுவதற்குள் இரண்டு தரம் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். போய் என்ன சொல்வது? சோதனை போட வந்தேன் என்றா? உண்மையைச் சொன்னால், அந்த நேரம் வரை அவள் பாண் சாப்பிடுகிறாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் எங்கேயாவது ஒரு பாண் துண்டைக் கண்டுபிடித்துவிட்டால் என் மனம் ஆறிவிடும் என்ற எண்ணத்தில்தான் போனேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கதவைத் திறந்தது ரிஸ்னாவின் மாமி, கணவருடைய உம்மா. அறுபது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னை எத்தனையோ நாள் எதிர்பார்த்தவர் போல, "வாங்க மிஸ், வாங்க. புள்ளைக்கு விடியலிருந்து சத்தி. இப்பத்தான் படுத்தா. நான் பிட்டு அவிக்கப் போறேன், நீங்களும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

நான் அடுப்படியிலேயே நின்றேன். என் கண் தட்டுகளில் ஓடியது. பாண் இல்லை. பிஸ்கட் இல்லை. ஒரு பக்கத்தில் மூன்று சட்டியும் ஒரு அகப்பையும் தனியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அது புள்ளைட சட்டி மிஸ். ரொட்டி சுட்ட சட்டியில அவக்கு ஒண்டும் செய்ய மாட்டேன். நீங்க எழுதித் தந்தீங்க தானே. இந்த வீட்டுல ஏழு மாசமா ஆருமே ரொட்டி திங்கிறல்ல. அவ பாத்துட்டு ஈக்க நாங்க எப்படி மிஸ் திங்கிற?"

நான் சோதனை போட வந்த வீடு இது.

மாமி பேசிக்கொண்டே வேலை பார்த்தார். சிவப்பரிசி மாவைத் தாச்சியில் கொட்டினார். உப்புப் போட்டார். அலுமாரியிலிருந்து ஒரு பால்மாத் தகரத்தை எடுத்துத் திறந்து, அதிலிருந்து வெள்ளையாக ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைக்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாவலப்பிட்டியில் எங்கள் வீட்டில் அம்மா அவிக்கும் பிட்டும் இப்படித்தான். நானும் அப்படித்தான் அவிக்கிறேன். அரிசி மா மட்டும் என்றால் பிட்டு மணல் மாதிரி உதிரும், தொண்டையில் அடைக்கும். அதனால் ஒரு கைப்பிடி. அதை நாங்கள் யாரும் மா என்று கணக்கெடுப்பதில்லை. கேட்டால் அரிசி மாப் பிட்டு என்றுதான் சொல்வோம்.

"மெதுமையா ஈக்கணும் மிஸ், இல்லாட்டி புள்ளைக்குத் தொண்டைக்குள்ள எறங்காது" என்றார் மாமி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உம்மா, அந்தத் தகரத்துல என்ன மா?"

"இதா? அவிச்ச மா."

"கோதுமை மாவா?"

"ஓ. ஆனா பச்ச மா இல்ல மிஸ். துணியில கட்டி ஆவியில வெச்சு, அரிச்சு எடுத்த. அவிச்சா அதுட சூடு எல்லாம் போயிரும். புள்ளைட ஒடம்புக்குக் கோதுமைட சூடு ஏலாது தானே, அதான் நான் ரெண்டு தரம் அவிக்கிற."

ரெண்டு தரம் அவிக்கிறார். சோம்பல் பட்டவர் செய்த தவறு இல்லை இது, மெனக்கெட்டுச் செய்த தவறு. எங்கள் ஊரில் எந்தச் சாப்பாட்டுக்கும் சூடு, குளிர் என்று இரண்டு குணம் உண்டு. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னதை மாமி அந்தக் கணக்கில் விளங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வழியில் அதற்குப் பரிகாரமும் செய்திருக்கிறார். பிட்டு வாரத்தில் நாலு நாள். இடியப்பம் இரண்டு நாள், அதிலும் இதே கைப்பிடி. ஏழு மாதம்.

அறை வாசலில் ரிஸ்னா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று முகம் சொன்னது. என்னை முன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மிஸ், மாமிட்ட சொல்ல வேணாம். நான் பாண் திண்டேன்டே ஈக்கட்டும். டொக்டர்ட்டயும் அப்படியே சொல்லுங்க."

"என்ன பேசுறீங்க டீச்சர்?"

"ரெண்டு தரமும் நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பக்கத்துலயே ஈந்தவ மாமிதான். அவட கையாலதான் இது நடந்தண்டு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அந்தத் தகரத்த நான் எப்படியாவது ஒளிச்சு வெக்கிறேன்."

யோசித்து, ஒரு நாள் பொறுத்து, பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பொறுமை என்பது கிடையாதே. தகரத்தை ஒளித்தால் நாளைக்கு இன்னொரு தகரம் வரும் என்று நினைத்தேன். நேராக அடுப்படிக்குப் போனேன்.

"உம்மா, ரெண்டு தரம் இல்ல, பத்துத் தரம் அவிச்சாலும் அது கோதுமைதான். ஏழு மாசமா இந்தப் புள்ளைக்கு அதுதான் போயிருக்கு."

மாமி பைப்பைத் திறந்து கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் போய்க் கழுவினார். நான் பஸ் ஏறும் வரை அந்தத் தண்ணீர்ச் சத்தம் காதில் இருந்தது.

5. இன்னொரு தரம் பஸ் ஏறினேன்

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தகரம் போய்விட்டது, இனி இரத்தம் தேறும். திங்கட்கிழமை டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் என் மேல் இல்லை.

"நான்தான் பிழை விட்டனான். அந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு சொன்னது நான்தானே" என்றார்.

சொன்னது அவர், ஆனால் ரிஸ்னாவின் முகத்துக்கு நேரே சொன்னது நான். அந்த வித்தியாசத்தை நான் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அந்த வியாழன் ரிஸ்னா வந்தாள். எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. பதினோராவது வாரம். கொப்பியைத் திறந்தேன். காலை: ஒன்றும் இல்லை. பகல்: வெறும் சோறு, கீரை. இரவு: சோறு.

"ஏன் டீச்சர் இப்படி?"

"மாமி அடுப்படிக்குள்ள வார இல்ல மிஸ். இனி என்ட கை படாதுண்டு சொல்லிட்டா. எனக்குப் பள்ளிக்கூடம் போய் வந்து நிக்கவே ஏலாது. என்ன சமைக்கிற?"

இதுதான் நான் அவசரமாகப் போட்டு உடைத்ததன் பலன். விஷத்தை எடுத்தேன், கூடவே சோற்றையும் எடுத்துவிட்டேன். கர்ப்பிணிக்கு வாரத்துக்கு வாரம் எடை ஏற வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. டயட் ஷீட்டில் எத்தனை வகை எழுதினாலும் அவிக்க ஒரு கை வேண்டாமா?

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி கடுகண்ணாவை. மாமி முன் அறையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கால் ஆடத் தொடங்கியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"உம்மா, எங்க அம்மாவும் அப்படித்தான் பிட்டு அவிப்பாங்க. நானும் அப்படித்தான் அவிக்கிறேன். போன ஞாயித்துக்கிழமையும் அதைத்தான் சாப்பிட்டேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. அப்படி இருந்தும் அரிசி மாவான்னு கேட்டுட்டு, வேற என்ன போடுவீங்கன்னு கேக்கல. படிச்சுட்டு வந்து சம்பளம் வாங்குறவ நான். கேக்க வேண்டியது நான்தான். தப்பு என்னோடது."

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு புள்ளையும்?"

"இல்ல உம்மா. அப்ப இந்த நோய் இருக்குன்னு யாருக்குமே தெரியாது. பாண், ரொட்டி, ரோல்ஸ் எல்லாம் அவங்களே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுல உங்க கைப்பிடி ஒரு பொருட்டே இல்ல. ஆனா இப்ப வயித்துல இருக்கிறதுக்கு உங்க கை வேணும். எனக்கு ஷீட் எழுதத்தான் தெரியும். கோதுமை இல்லாம மெதுமையா பிட்டு அவிக்க எனக்குத் தெரியாது."

இது சமாதானத்துக்காகச் சொன்ன பேச்சு இல்லை, எனக்கு உண்மையிலேயே தெரியாது. மாமி கொஞ்ச நேரம் முக்காட்டு நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

முதல் பிட்டு மணலாக உதிர்ந்தது. இரண்டாவதற்குச் சுடுதண்ணீர் கூடிவிட்டது, களியாகப் போயிற்று. "இத செவுத்துக்குப் பூசலாம்" என்று மாமி சொல்ல, ரிஸ்னா உள் அறையிலிருந்து சிரித்தாள். மூன்றாவது தரம் மாமி அரிசி மாவையே துணியில் கட்டி ஆவியில் வைத்தார். அரித்தெடுத்து, தண்ணீருக்குப் பதில் இளம் சூட்டில் தேங்காய்ப்பாலைத் தெளித்தார். தேங்காய்ப்பூவை வழக்கத்தை விட இரண்டு மடங்கு போட்டார். அது பிட்டாக வந்தது. ரிஸ்னா ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டாள். சத்தி வரவில்லை.

நான் கிளம்பும்போது மாமி வாசல் வரை வந்தார்.

"மிஸ், ஒரு விஷயம். அரிசி அரைக்கிற மில்லுல வேற என்ன அரைக்கிற?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் அன்றைக்கே மகனை அனுப்பி விசாரித்திருக்கிறார். அந்த மில்லில் சத்துமாவுக்காக வறுத்த கோதுமையும் அரைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து ரிஸ்னாவின் மா வீட்டு உரலில் இடிபட்டது. இடித்தது ரேடியோ கடைக்காரர்.

6. நாற்பதாம் நாளுக்குப் பிறகு

பன்னிரண்டாவது வாரம் நான் எப்படி இருந்தேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். டெலிபோன் மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். பன்னிரண்டு போனது. பதின்மூன்று, பதினாறு என்று போனது. இருபதாவது வாரத்தில் பிரசவம் பார்க்கும் வி.ஓ.ஜி. டொக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். டி.டி.ஜி. மெல்ல மெல்ல இறங்கியது. கோதுமையை நிறுத்தியதால்தான் கர்ப்பம் தங்கியதா என்று பெரிய டொக்டரிடம் கேட்டேன். "அப்பிடி அடிச்சுச் சொல்லேலாது சாந்தினி, உதவியிருக்கும்" என்றார். நானும் அதற்கு மேல் உரிமை கொண்டாடவில்லை.

பெண் குழந்தை. பிறக்கும்போது இரண்டு கிலோ நானூறு. நாற்பது நாள் கழித்து, ஒரு சட்டையும் சோப்புப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். மாமி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். முன் அறையில் ரிஸ்னாவும் நானும் மட்டும்.

இத்தனை மாதத்தில் மாமியிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன், டொக்டரிடம் விளக்கம் சொன்னேன். ரிஸ்னாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. வியாழன்தோறும் அவள் வருவாள், நான் எடை பார்ப்பேன், கொப்பி பார்ப்பேன், அந்தப் பேச்சு மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அன்று கேட்டேன்.

"டீச்சர், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. களவா சாப்பிட்டீங்கன்னு சொன்னது பெரிய பாவம். நீங்க ஒரு துண்டு பாண்கூடத் தொடல."

ரிஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்டு திண்டேன் மிஸ்."

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு உங்கட ரூம்ல ஈந்து எறங்கிப் போய், குட்ஷெட் பேக்கரியில நிண்டு ஒரு பணிஸ் வாங்கித் திண்டேன். ஏழு மாசமா மணம் புடிச்சிட்டு மட்டும் போற கடை அது. திங்காமலே கள்ளி ஆகினேன் தானே, அப்ப திண்டுட்டே ஆவோம்டு நெனச்சேன். பாதிதான் எறங்கிச்சு. அழுதுட்டே திண்டேன் மிஸ். வயித்துல கைய வெச்சு, புள்ளைட்ட மாப்புக் கேட்டுட்டுத் திண்டேன். அத மட்டும் நான் கொப்பில எழுதல்ல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்பவள் போலச் சொன்னாள். எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அந்த ஒரு தரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். யார் சமைக்கிறார், எப்படிச் சமைக்கிறார், அதில் வேறு என்ன விழுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள், அதிலும் உங்கள் வீட்டில் நடப்பது போலவே நடக்கிற வீட்டை இரண்டு தரம் பாருங்கள். இது முதலாவது, இதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ரிப்போர்ட் சரியில்லை என்றால் முதலில் நீங்கள் எழுதிய ஷீட்டைச் சந்தேகப்படுங்கள். மாமி அந்தக் கைப்பிடி மாவைத் தெரியாமல் போட்டார். ரிஸ்னா தெரிந்தே சாப்பிட்ட கோதுமை அந்த ஒரே ஒரு பணிஸ்தான். அதை அவளைச் சாப்பிட வைத்தது நான்.